கோமாவில் அதிபர்

"தம்பி, அந்த ஆளு பிழைப்பாரா, மாட்டாரா? ஒரே வார்த்தையில சொல்லு."

காலை ஆறரை மணிக்கு அக்கா போனில் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் தூக்கம் தெளியாது? உலகம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"எந்த ஆளுக்கா?"

"அதிபர்டா! என் பொண்ணு வேலை பாக்கற நாட்டு அதிபர். நீதானே போட்டிருக்கே, 'கோமாவில் அதிபர்'னு? கொட்டை எழுத்துல!"

உலகம் என்பது அவருடைய பெயர் அல்ல. ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருடமாக வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்வதால் ஒட்டிக்கொண்ட பெயர். "உலகம் வந்தாச்சா?", "உலகம் டீ குடிக்கப் போயிருக்கு", "உலகத்துக்கு இன்னிக்கு வயித்து வலியாம்" என்று அலுவலகத்தில் சர்வ சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். செய்தி நிறுவனங்கள் ஆங்கிலத்தில் அனுப்புவதை அவர் தமிழில் எழுதுவார். புரட்சி, பூகம்பம், இளவரசி கல்யாணம் எல்லாமே அவர் மேஜையைத் தாண்டித்தான் வாசகர்களிடம் போயாக வேண்டும். ஆனால் அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. விமானத்தை மொட்டை மாடியிலிருந்து பார்த்ததோடு சரி.

"அக்கா, அது நோய் இல்ல. ஊரு. கோமாங்கிறது ஒரு ஊரு. அதிபர் அங்க ஓய்வெடுக்கப் போயிருக்கார்."

"கோமான்னு ஊருக்கு எவனாவது பேர் வெப்பானா?"

"அவங்க பாஷையில அதுக்கு வேற அர்த்தம் இருக்கும்கா."

"அப்படியா? இதைக் கேளு. 'திங்கட்கிழமை முதல் கோமாவில் இருக்கும் அதிபருடன் மனைவியும் இரு மகன்களும் உள்ளனர். அவர் அமைதியாக இருக்கிறார். நிலைமையில் மாற்றமில்லை.' இது ஊருக்குப் போன மனுஷன் மாதிரியா இருக்கு?"

அக்கா வாசித்த விதத்தில் எழுதியவருக்கே அதிபர்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"அந்த ஆளு போய்ட்டா அங்க அடிதடி ஆகும்டா. போன வருஷம் பக்கத்து நாட்டுல ஆச்சே, நீதானே எழுதினே, 'தெருவெங்கும் பீரங்கி'ன்னு! திங்கட்கிழமையிலேருந்து அவகிட்டேருந்து போனே இல்ல. 'வேலை அதிகம், நல்லா இருக்கேன், கவலைப்படாதே'ன்னு ஒரு மெசேஜ், அவ்வளவுதான். நல்லா இருக்கறவ எதுக்குடா நல்லா இருக்கேன்னு சொல்லணும்? வேலையை விட்டுட்டு வந்துடுன்னு சொல்லப் போறேன். உன் பேச்சைக் கேட்டுத்தானே அனுப்பினேன்?"

அதுதான் உலகத்தின் நெஞ்சில் தைத்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அக்கா மகளுக்கு அந்த நாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தபோது குடும்பமே குறுக்கே நின்றது. உலகம்தான் கூடத்தின் நடுவில் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு, "அந்த நாட்டைப் பத்தி எனக்குத் தெரியாதா? நான் பொறுப்பு" என்று மார்தட்டினார். உண்மையில் அந்த நாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இரண்டு வெள்ளமும் ஒரு தேர்தலும்தான். நாட்டின் பெயரைக்கூட அவருடைய பத்திரிகையில் மூன்று விதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் அவருக்கு உயிர். ஆறு வயதில் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, பல் விழுந்த வாயால் ஒவ்வொரு நாட்டின் தலைநகரையும் சொல்லுவாள். அவள் நல்ல வேலையை உதறிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றால், அந்த முகத்தைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை.

"ஒரே நாள் பொறுக்கா. நாளைக்குப் பேப்பர்ல எல்லாம் தெளிவா வந்துடும்" என்றார்.

அலுவலகத்தில் நுழையும்போதே பத்திரிகை ஆசிரியர் தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"உலகம், காலையிலேருந்து நாற்பது போன். ஒருத்தர் கூட்டுப் பிரார்த்தனைக்கு இடம் பிடிச்சுட்டாராம். அது ஊருதானா, நிச்சயமா?"

"நிச்சயம் சார். இதோ பாருங்க." உலகம் செய்தி நிறுவனம் அனுப்பிய நாலு வரியை நீட்டினார். "நோயா இருந்தா ஆங்கிலத்துல 'சி' போட்டுச் சின்ன எழுத்துல எழுதுவான். இங்க 'கே' போட்டிருக்கான், அதுவும் பெரிய 'கே'. பெரிய எழுத்துல ஆரம்பிச்சா ஊரு, சின்ன எழுத்துல ஆரம்பிச்சா நோய். இருபத்திரண்டு வருஷமா நான் பாக்கறது."

"தமிழ்ல பெரிய எழுத்து எங்கேய்யா இருக்கு?"

"அதான் சார் சிக்கலே."

மறுநாள் உலகம் தெளிவாகவே தலைப்புப் போட்டார்: 'அதிபர் கோமாவில் நலமாக இருக்கிறார்'. அன்று நூற்றுப்பன்னிரண்டு போன் வந்தது. அதில் ஒருவர், தான் முப்பது வருடமாக டாக்டராக இருப்பதாகவும், இதுவரை ஒரு நோயாளிகூட அப்படி நலமாக இருந்ததில்லை என்றும், அந்த மருத்துவமனையின் விலாசம் கிடைக்குமா என்றும் கேட்டார்.

அக்கா சுருக்கமாகப் பேசினாள். "நலம்னு போட்டா பொய் சொல்றாங்கன்னு அர்த்தம்டா. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

அதற்கடுத்த நாள் அவர் தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்தார். ஒருவர் தன் இஷ்டப்படி ஓர் இடத்தில் இருக்கிறார் என்று வந்தால், நோய் என்று எவனாலும் சொல்ல முடியாதல்லவா? ஆகவே, 'மேலும் சில நாள் கோமாவில் இருக்க அதிபர் முடிவு' என்று எழுதினார்.

இந்த முறை போன் குறைந்தது. கடிதங்கள் வந்தன. "இப்படி ஒரு மன உறுதி படைத்த தலைவர் நமக்குக் கிடைக்கவில்லையே" என்று ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோபம் வந்தால் அவர் அதைத்தான் முதலில் காப்பாற்றுவார்.

"இனிமே எழுத்து வேண்டாம். படம் போடு. மேப்புல புள்ளி வெச்சு, பக்கத்துல கோமான்னு எழுதிட்டா எந்த மடையனுக்கும் புரியும்."

பத்திரிகையின் ஓவியர் கை வேகமான மனிதர். கேள்வியும் வேகமாகக் கேட்பார்.

"அட்லஸ்ல இந்த ஊரே இல்லையே?"

"அட்லஸ் பழசு. ஊரும் சின்னதா இருக்கும்."

"எங்க வெக்கட்டும்?"

"தலைநகர்லேருந்து கொஞ்சம் தள்ளி வை."

"கொஞ்சம்னா?"

உலகம் யோசித்தார். "அதிபர் காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரணும்."

ஓவியர் புள்ளி வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். "மை சிந்தின மாதிரி இருக்கு. எவனும் நம்ப மாட்டான். ஓய்வெடுக்கிற இடம்னா தண்ணி கிண்ணி இருக்கணுமே. ஒரு ஏரி போட்டுடவா?"

"ஏரி இருக்கான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"இல்லேன்னு மட்டும் தெரியுமா?"

உலகம் வாயைத் திறப்பதற்குள் நீல நிறத்தில் அவரைக்காய் வடிவத்தில் ஓர் ஏரி வந்துவிட்டது. ஏரி வந்தபின் ஒரு படகு. படகு வந்தபின் கரையோரம் நாலு மரம். மரத்தடியில் ஒரு சாய்வு நாற்காலி. அதை யாருக்கென்று போட்டார் என்று கேட்கவே வேண்டியதில்லை. ஆசிரியர் பார்த்துவிட்டு மகிழ்ந்து போய், அரைப் பக்கம் ஒதுக்கி, 'ஏரி நகரம் கோமா: ஒரு பார்வை — எமது சிறப்புச் செய்தியாளர்' என்று தன் கையாலேயே எழுதினார்.

சிறப்புச் செய்தியாளருக்கு மனசாட்சி உறுத்தத்தான் செய்தது. ஆனால் அக்காவின் குரல் அதைவிடச் சத்தமாக இருந்தது. அவர் உட்கார்ந்து, கோமாவின் காற்று குளிர்ச்சியானது என்றும், மக்கள் எளிமையானவர்கள் என்றும் முந்நூறு வார்த்தை எழுதினார். எந்த ஊரைப் பற்றியும் தைரியமாக எழுதக்கூடிய விஷயங்கள் அவை என்பது அவருடைய அனுபவம்.

படம் வந்ததும் போன் நின்றது. கடிதமும் நின்றது. அலுவலகம் பிரமாதமாக அமைதியாகிவிட்டது. மூன்றாம் நாள் போட்டிப் பத்திரிகையில் 'கோமா ஏரியில் அதிபர் மீன்பிடித்தார்' என்று வந்தது. அவர்களுக்கும் ஒரு சிறப்புச் செய்தியாளர் இருந்தார். ஒரு டிவி சேனலில் நாலு பேர் உட்கார்ந்துகொண்டு, அது எத்தனை கிலோ மீன் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள்.

உலகம் நிம்மதியாக அக்காவுக்குப் போன் செய்தார். "பாத்தியாக்கா? ஊருதானே?"

"பாத்தேன், பாத்தேன். அழகான ஏரி. சும்மா சொல்லக் கூடாது" என்றாள் அக்கா. குரல் சரியில்லை. "அவ போன் பண்ணாததுக்கு இப்பத்தான் எனக்குக் காரணம் புரியுது."

"என்ன காரணம்?"

"அவ ஏரிக்குப் போயிருக்கா."

"அக்கா!"

"பக்கத்துலயே இவ்வளவு அழகான ஏரி, படகு எல்லாம் இருக்கு. வயசுப் பொண்ணு போகாம இருப்பாளா? அம்மாகிட்டச் சொல்லாமப் போயிருக்கான்னா தனியாவா போயிருப்பா? சொல்லுடா, சிறப்புச் செய்தியாளர்! யாரோட போயிருக்கா?"

உலகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கலவரத்துக்குப் பயந்து மகளைக் கூப்பிட இருந்தவள், இப்போது காதலுக்குப் பயந்து கூப்பிடப் போகிறாள். முன்னதாவது பயம். பயத்தை ஆற்றலாம். இதில் கோபமும் சேர்ந்துகொண்டுவிட்டது.

"இந்த மாசத்துக்குள்ள அவ இங்க வரணும். வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வரலேன்னா நானே போய்க் கூட்டிட்டு வரேன். ஏரி எங்க இருக்குன்னுதான் மேப்புல போட்டிருக்கியே!"

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அக்கா சொன்னதைச் செய்கிறவள். அந்தப் பெண்ணின் எண்ணை உலகம் பத்து முறை முயன்றார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற பதிவுக் குரல் பத்து முறையும் மரியாதையாகச் சொன்னது. அப்போதுதான் முதன்முதலாக அவருக்கும் பயம் வந்தது. அக்காவைச் சமாளிப்பதிலேயே இருந்துவிட்டோமே, உண்மையிலேயே அந்தக் குழந்தை எங்கே?

மறுநாள் காலை அவர் மேஜையில் உட்காரும் முன்பே ஆசிரியர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. உள்ளே கோட்டுப் போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்த நாட்டுத் தூதரக அதிகாரி.

'தொலைந்தோம்' என்று எண்ணிக்கொண்டார் உலகம். ஆசிரியர் கண்ணாடியை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார்.

அதிகாரி எழுந்து தன் முகவரி அட்டையைக் கொடுத்தார். தூதரக அதிகாரியைக் குறிக்கும் 'கான்சல்' என்ற சொல்லையே அதில் 'சி'க்குப் பதில் 'கே' போட்டு அச்சடித்திருந்தார்கள். உலகத்தின் கண் எந்தப் பிழையையும் விடாது. பாவம், அச்சகத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ணி, மரியாதை கருதிச் சொல்லாமல் விட்டார்.

"ஐயா, தங்கள் வரைபடம் கண்டேன்" என்றார் அதிகாரி. ஐந்து வருடம் புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர் போலிருந்தது. "மெய்யாகவே உள்ளம் நெகிழ்ந்தேன்."

"அதுல ஏதாவது தப்பு இருந்தா…"

"தவறா? பல நாட்டு இதழ்கள் எம் அதிபரைக் குறித்து ஏதேதோ வதந்தி எழுதுகின்றன. தாங்கள் ஒருவரே அவரை ஏரிக்கரையில் அமர்த்தினீர்கள். மரத்தடியில். நாற்காலியும் அளித்தீர்கள்." அதிகாரி உலகத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "எமக்கு இந்த இதழின் இருபது படிகள் வேண்டும். இன்றே தலைநகருக்கு அனுப்புதல் வேண்டும்."

ஆசிரியர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

உலகத்துக்குத் தைரியம் வந்தது. "ஐயா, எனக்கு ஒரு உதவி. எங்க அக்கா பொண்ணு உங்க தலைநகர்ல, பெரிய ஆஸ்பத்திரியில நர்சா இருக்கா. பதினஞ்சு நாளா போன் இல்ல. அவங்க அம்மா துடிக்கறாங்க. ஒரு வார்த்தை பேசச் சொன்னாப் போதும்."

அதிகாரியின் புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் மாறின. "பெரிய ஆஸ்பத்திரியிலா? தங்கள் தமக்கையின் மகளா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு, அவள் பெயரைக் குறித்துக்கொண்டார். "கவலற்க, ஐயா. நலமாகவே இருப்பார்." கொண்டு வந்து வைத்த டீயைக்கூடத் தொடாமல் வேகமாகப் போய்விட்டார். ஒரு நர்சுக்காக எவ்வளவு அக்கறை என்று உலகம் நெகிழ்ந்து போனார்.

இரண்டு நாளில் செய்தி நிறுவனத்திலிருந்து புதிய செய்தி வந்தது. 'அதிபர் ஏரி நகரமான கோமாவில் ஓய்வெடுத்து வருகிறார். அங்கே காற்று குளிர்ச்சியானது. மக்கள் எளிமையானவர்கள் என அரசு அறிவிப்பு.'

"பாத்தீங்களா சார்! அரசாங்கமே சொல்லிடுச்சு!" என்று உலகம் தாளை ஆட்டிக்கொண்டு ஓடினார். ஆசிரியர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஓவியர், "நான் அப்பவே சொல்லலை?" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாகத் தான் எழுதியதைத் தானே தமிழாக்குகிறோம் என்பது உலகத்துக்குத் தோன்றவே இல்லை. நன்றாகத்தான் தமிழாக்கினார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. அக்கா கம்பளிச் சட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரையில் குளிரும் என்று தம்பியே எழுதியிருந்தானே! மேப் வந்த பக்கத்தைக் கத்தரித்து எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருந்தாள்.

"அக்கா, சொன்னாக் கேளு. அவ நல்லாத்தான் இருப்பா. தூதரகத்துலயே சொல்லியிருக்கேன்."

"இதுவரைக்கும் நீ சொன்னதைக் கேட்டதெல்லாம் போதும்டா." அக்கா பெட்டிமேல் உட்கார்ந்தாள். பெட்டி மூடவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "மூணு வாரம் ஆச்சு. யாரோடயாவது போயிருந்தாக்கூடப் பரவாயில்லடா. குரலைக் கேட்டாப் போதும் எனக்கு."

உலகம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஏரியே கிடையாதோ என்னவோ, நாங்களாகப் போட்டோம், என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அக்காவின் போன் அடித்தது.

"அம்மா!"

அக்கா ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். மறு நொடி குரல் திரும்பி வந்துவிட்டது. "எந்த ஏரிக்குடி போனே? யாரோட போனே? உண்மையைச் சொல்லு!"

அந்தப் பக்கம் சிரிப்பா, அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். "மாமா அங்க இருக்காரா? அவர்கிட்டக் குடும்மா, முதல்ல."

உலகம் போனை வாங்கினார். "எங்கம்மா இருந்தே இத்தனை நாளா?"

"டியூட்டில மாமா. மூணு வாரமா ஒரே ஒரு பேஷண்ட். நான் அந்த ரூமை விட்டே வெளியே வரல. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டு, போனையும் வாங்கி வெச்சுட்டாங்க. இன்னிக்குக் காலையிலதான் அவர் கண்ணைத் திறந்தார். எனக்கும் போனைத் திருப்பிக் குடுத்தாங்க."

"நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?"

"நல்லா இருக்கேன் மாமா. சம்பந்தம் இல்லாம ஒண்ணு, உங்க பேப்பர் இங்க வந்திருக்கு. இருபது காப்பி. யாருக்கும் தமிழ் தெரியாதுன்னு என்னைத்தான் படிச்சுச் சொல்லச் சொன்னாங்க. 'மக்கள் எளிமையானவர்கள்'னு பாத்ததுமே நீங்கதான் எழுதியிருப்பீங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

உலகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "படிச்சுச் சொன்னியா? யாருக்கு?"

"என் பேஷண்டுக்குத்தான் மாமா. அந்த மேப்பை ரொம்ப நேரம் கையில வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தார். அப்புறம் மெதுவா என்னைக் கேட்டார்: 'ஏம்மா, நான் இந்த நாட்டுக்கே அதிபர், இப்படி ஒரு ஏரி நம்மகிட்ட இருக்கறதை ஏன் எனக்கு யாரும் சொல்லவே இல்ல?'"